பிளேஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு மரமும் ஒரு தொட்டியும் போதும்

பிள்ளைக்கு இயற்கையைக் காட்டவேண்டும் என்று முடிவெடுத்ததும் பெங்களூரில் முதலில் நடப்பது ஆன்லைன் ஆர்டர். பிளாஸ்டிக் பூச்சி செட், பூதக்கண்ணாடி, காய்கறிப் படம் போட்ட அட்டை. எதுவும் வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு, நடந்து போகிற தூரத்தில் ஒரு மரம், அதையே மறுபடி மறுபடி போய்ப் பார்க்கப் பொறுமையுள்ள ஒரு பெரியவர், இவ்வளவுதான். அல்சூர், முருகேஷ்பாளையா, பிரேசர் டவுன் என்று எங்கே இருந்தாலும் தெருவுக்கு ஒன்றாவது கிடைக்கும்.

என் ஓட்டு தூங்குமூஞ்சி மரத்துக்கு. சாயங்காலம் இலைகள் மூடிக்கொள்ளும், மழைமேகம் கட்டினாலும் மூடும். பள்ளி நேரத்தில் இதைக் காட்ட முடியாது என்பதால் டீச்சர்கள் இதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்: மாலை ஆறு மணிக்கு அப்பாவோடு போய், மரம் தூங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். தரையில் கிடக்கும் கறுப்புக் காய்களை உடைத்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். ஆப்பிரிக்கன் துலிப் மரம் இருந்தால் இன்னும் கொண்டாட்டம், மொட்டின் நுனியைக் கிள்ளி அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் (கறை பிடிக்கும், பழைய சட்டை போடுங்கள்). ஏப்ரல், மே மாதம் குல்மொஹர் பூத்ததும் மகரந்தக் காம்புகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இழுத்து, யாருடைய தலை முதலில் விழுகிறது என்று நாம் ஆடிய அதே சண்டையைச் சொல்லிக்கொடுங்கள். விரல் நுனிக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்த ஒர்க்‌ஷீட்டிலும் இல்லை.

அங்கே போய் நின்றுகொண்டு "இது என்ன கலர், எத்தனை இதழ், 'ஏ' ஃபார் என்ன?" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். பிள்ளை எறும்பு வரிசையைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டால் நாமும் பக்கத்தில் உட்காரவேண்டியதுதான். எண்ணுவது, தரம் பிரிப்பது எல்லாம் தானாக நடக்கும். கீழே விழுந்த பூக்களைக் கூடையில் போட்டால் பெரியது ஒரு பக்கம், கசங்கியது ஒரு பக்கம் என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். பறிக்கக் கூடாது, விழுந்ததை எடுக்கலாம் என்ற ஒரே ஒரு சட்டம் போதும்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் முழுக்க அவரேகாய் (நம்ம மொச்சை) மணக்கும். அதை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். முதல் நாள் காயை உரிப்பது. கையில் ஏறும் வாசனை சாயங்காலம் வரை போகாது, முகர்ந்து முகர்ந்து பார்ப்பார்கள். உள்ளே பச்சைப் புழு வந்தால் கத்தல், கூட்டம், அப்புறம் அதற்கு ஒரு பெயர். உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு எதிரே இருக்கும் பிள்ளை மேல் பாயும். அரைமணி நேரம் யாரும் இடத்தைவிட்டு எழமாட்டார்கள். பிதுக்கின பருப்பு பாட்டி வீட்டுச் சாம்பாருக்குப் போய்விடும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் இது வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பக்கத்திலேயே ஆள் இருக்கவேண்டும்.

அடுத்து தொட்டி. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்தால் பட்டாம்பூச்சி தேடி வந்து தளிர் இலையில் முட்டை போடும் வாய்ப்பு அதிகம். குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதனால்தான் காக்கா கண்ணுக்குத் தப்பிக்கிறது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நாற்றமும். ஒரு தடவை போதும், பாவம் அது. சாப்பிட்டு முடித்ததும் நூல் பெல்ட் கட்டிக்கொண்டு கூடாகி, பத்து நாள், குளிர் என்றால் இன்னும் கொஞ்ச நாள் கழித்து, பெரும்பாலும் காலை நேரத்தில் வெளியே வரும். இலை தீர்ந்தால் கடைக் கறிவேப்பிலை போடாதீர்கள், மருந்து அடித்திருக்கும். செடியில் புழு என்றால் உடனே நசுக்கிவிடும் பெரியவர்களிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். கம்பளிப்பூச்சி வேறு கதை, அதைத் தொடவே கூடாது.

செடி வளர்க்க நேரமில்லை என்றால் வெந்தயம். இரண்டு தட்டில் மண் போட்டுத் தூவி, ஒன்றை வெயிலிலும் ஒன்றைப் பாத்திரம் கவிழ்த்து இருட்டிலும் வையுங்கள். இருட்டில் வளர்ந்தது முளைப்பாரி மாதிரி வெளிறிய மஞ்சளாக நிற்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

சில எச்சரிக்கைகள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி எல்லாம் விஷம். அபார்ட்மெண்ட் வாசலில் அழகுக்கு வைக்கும் டைஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாய் வீங்கும். மழைக்காலத்தில் சுவரேறும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறும் கையால் தொடவிடாதீர்கள், ஒட்டுண்ணி இருக்கலாம். தோட்டக்காரரிடம் என்றைக்கு மருந்து அடிக்கிறார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி சேறு படட்டும், சோப்பு போட்டுக் கையைக் கழுவினால் சரி.

ஊர்சுற்றல் வேண்டும் என்றால் லால்பாக். ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்த தோட்டம், இன்று 240 ஏக்கர், அத்தனையும் ஒரே நாளில் சுற்ற நினைக்காதீர்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு மட்டும் போங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய பாறை, பிள்ளைகளுக்கு அது சறுக்குமரம். குடியரசு தினம், சுதந்திர தினம் ஒட்டி நடக்கும் மலர்க்கண்காட்சி சமயத்தில் வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிவது முழங்கால்கள்தான். வார நாளில் காலை ஏழு மணிக்கு, ஒரு மாற்று உடையும் ஒரு காலிப் பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.