மக்களைக் கேட்டுக் கட்டும் வீடுகள்: எங்கே தவறுகிறது?

குறைந்த வாடகைக் குடியிருப்பு, வீடற்றோருக்கான ஆதரவு இல்லம் என எந்தத் திட்ட அறிக்கையைப் புரட்டினாலும் "மக்கள் பங்கேற்புடன்" என்ற வரி தவறாமல் இருக்கும். நடந்தது என்னவென்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம், ஒரு வருகைப் பதிவேடு, சில புகைப்படங்கள். அதற்குள் மனை முடிவாகியிருக்கும், பிளான் வரைந்தாகியிருக்கும், கான்ட்ராக்டர் யார் என்றுகூடத் தெரிந்திருக்கும். மக்கள் சொல்வதற்கு மிச்சமிருப்பது சுவருக்கு என்ன நிறம் என்பதுதான்.

முதல் தவறு இதுவே, மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகளாகப் பிரித்துக் காட்டினார். கருத்துக் கேட்பது அதில் 4ஆவது படி. கேட்டதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் படியில் இல்லை. பேரம் பேசும் பலம் 6ஆவது படியில்தான் வருகிறது. ஒரு திட்டத்தை எடைபோட எனக்கு ஒரு கேள்வி போதும்: குடியேறப்போகிறவர்கள் "வேண்டாம்" என்றால் எது மாறும்? எதுவும் மாறாது என்றால் அது பங்கேற்பு அல்ல, அறிவிப்பு.

வடிவத்தை மட்டும் நகலெடுப்பது

சிலி நாட்டின் இகிகே நகரில் கின்டா மொன்ராய் என்ற இடம். அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் 100 குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தன. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலத்தின் விலை, குழாய், சாக்கடை, கட்டுமானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நகரின் நடுவில் இருந்ததால், இத்தகைய திட்டங்களுக்கு வழக்கமாக வாங்கும் நிலத்தைவிட மூன்று மடங்கு விலை. ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் கணக்கு சுலபமாக நேராகும். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலிமென்டல் குழு அந்த இடத்திலேயே கட்டத் தீர்மானித்தது. அடுக்குமாடி என்ற பேச்சு எழுந்தபோது, உண்ணாவிரதம் இருப்போம் என்று குடும்பங்கள் எச்சரித்தன. காரணம் நியாயமானது: அந்தச் சின்ன வீட்டோடு பின்னால் ஓர் அறையைச் சேர்க்க வழியே இல்லை.

அந்த மறுப்பிலிருந்துதான் "பாதி வீடு" வந்தது. குளியலறை, சமையலறை, படிக்கட்டு, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஆகிய கடினமான வேலைகள் பொதுப் பணத்தில். மீதியைக் கட்டிக்கொள்ள வீட்டின் பக்கத்திலேயே இடம் விடப்பட்டது. கையில் பணம் சேரச் சேர குடும்பமே கட்டிக்கொள்ளும். 36 சதுர மீட்டரில் தொடங்கிய வீட்டை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கலாம்.

இதைப் பார்த்துவிட்டு "பாதி கட்டினால் பாதிச் செலவு" என்று புரிந்துகொள்வது பெரிய தவறு. அங்கே பிழைப்புக்கு அருகிலேயே நிலம் கிடைத்தது. எதை அரசு கட்டுவது, எதை விடுவது என்று குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அது எதுவும் இல்லாமல் ஊருக்கு வெளியே எழுப்பும் பாதி வீடு, பாதி வீடாகவே நிற்கும். வேலைக்குப் போய்வரும் நேரமும் பேருந்துச் செலவும் சேர்ந்தால் "மலிவு" என்ற சொல்லுக்கே பொருளில்லை.

திறப்பு விழாவோடு கணக்கை மூடுவது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ப்ரூட் ஐகோ என்ற பொதுக் குடியிருப்பை எல்லோரும் கட்டடக்கலையின் தோல்வி என்றே சொல்வார்கள். 11 மாடி, 33 கட்டடங்கள். லிப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது, 1, 4, 7, 10 என்று தாவித் தாவி நிற்கும். ஆனால் அதைக் கொன்றதில் பராமரிப்புக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டத்தான் பொதுப் பணம். பழுதுபார்ப்புக்குக் குடியிருப்போர் தரும் வாடகைதான். வீடுகள் காலியாக, வாடகை குறைந்தது. வாடகை குறைய, பழுது அப்படியே கிடந்தது. பழுதைப் பார்த்து இன்னும் பலர் வெளியேறினார்கள். ஈடுகட்ட வாடகையை ஏற்றியதும், நகரின் பொதுக் குடியிருப்புவாசிகள் 1969இல் வாடகை தர மறுத்துப் போராடினார்கள். அதே ஆண்டு, பொதுக் குடியிருப்பில் வாடகை வருமானத்தின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. ப்ரூட் ஐகோவுக்கு அது பிந்திவிட்டது. 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே பிளான் மேசைக்கு வரும் நாளிலேயே கேட்க வேண்டியவை: லிப்ட் நின்றால் யார் செலவு? பத்தாவது ஆண்டில் மோட்டார் மாற்றப் பணம் எங்கிருந்து? அந்தக் கணக்குப் புத்தகத்தைக் குடியிருப்பவர் பார்க்கலாமா?

மலிவுக்குக் காலாவதி வைப்பது

வரிச்சலுகையோ மானியமோ தந்து கட்டும் பல வீடுகளில் குறைந்த வாடகை 15, 30 ஆண்டு என்று ஒப்பந்த காலம் வரைதான். அதன்பின் சந்தை விலை. சொந்த வீடாகத் தந்தாலும் இதே கதைதான்: முதல் குடும்பம் நல்ல லாபத்துக்கு விற்கும், இரண்டாவது ஏழைக் குடும்பத்துக்கு அங்கே இடமிருக்காது.

1984இல் அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் தொடங்கிய சமூக நில அறக்கட்டளை இதற்கு ஒரு விடை. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். வீடு மட்டும் குடும்பத்துடையது. விற்கும்போது போட்ட பணம் திரும்பும், விலை ஏற்றத்தில் 25 சதவீதம் கிடைக்கும். மீதி வீட்டிலேயே தங்கி, அடுத்தவருக்கு விலையைக் குறைக்கும். இத்தகைய அறக்கட்டளைகளின் நிர்வாகக் குழுவில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு குடியிருப்போர், ஒரு பங்கு அக்கம்பக்கத்தார், ஒரு பங்கு பொதுநலம் சார்ந்தவர்கள். லாபம் முழுவதும் கிடைக்காது என்பதை வாங்குகிறவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் அதுவே சண்டையாகும்.

தலைவரையே சமூகம் என்று எண்ணுவது

பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்காரர் வரமாட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் தாய் வரமாட்டார். உள்வாடகைக்காரரை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். கடைசியில் தலைவர் சொல்வதே சமூகத்தின் குரலாகிவிடும். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மன்கோங் என்ற குடிசைப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் சேமிப்புக் குழுவிலிருந்து ஆரம்பிப்பது இதனால்தான் புத்திசாலித்தனம். சிறு தொகையைச் சேர்த்து, கணக்கு எழுதிப் பழகியபின், கடன் அந்தச் சமூகத்தின் கைக்கே வருகிறது. உருகுவேயின் பரஸ்பர உதவி வீட்டுக் கூட்டுறவுகளில் ஒவ்வொரு குடும்பமும் வாரம் 21 மணி நேரம் கட்டட வேலை செய்கிறது. வீட்டின் மீது முடிவெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருப்பதால்தான் அது இலவச உழைப்பாகிவிடவில்லை.

"முதலில் திருந்து, பிறகு வீடு"

ஆதரவு இல்லங்களில் நான் அதிகம் எரிச்சலடைவது இதில்தான். குடியை விட்டால் வீடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீடு என்று நிபந்தனை வைப்பது. தெருவில் படுப்பவர் மாத்திரையை எங்கே வைப்பார்? 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, பிறகு அவர் விரும்பும் சிகிச்சை. கனடா 5 நகரங்களில் இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி 6 மாதமும் முழுவதும் வீட்டில் இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான முறையில் 31 சதவீதம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவது. வீடு தேடி வரும் நர்சும் ஆலோசகரும் இல்லாவிட்டால் அது வெறும் அறை. அவர்களின் சம்பளம் கட்டுமான பட்ஜெட்டில் வராது. தனியாக, ஆண்டுதோறும் வேண்டும்.

அக்கம்பக்கத்தாரிடம் அனுமதி கேட்பதும் வேண்டாத வேலை. யார் குடிவரலாம் என்பது அவர்கள் ஓட்டுப்போட வேண்டிய விஷயமல்ல. எந்த வாடகைக்காரருக்கும் நாம் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் வண்டி எங்கே நிற்கும், சாக்கடை தாங்குமா, இரவில் தகராறு என்றால் யாரைக் கூப்பிடுவது என்பவை நியாயமான கேள்விகள். அதற்கான பதில்களை எழுத்தில் கொடுங்கள். கொடுக்கும் தொலைபேசி எண்ணை இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுக்க வேண்டும்.