எஸ்டேட் ஜீப்புக்கு எதற்கு ராணுவ வேஷம்? பழைய ஜீப்பைத் திரும்ப ஓட வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் ஒருவர் பழைய ஜீப் வாங்கிவிட்டார் என்றால், மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன்பே பெயின்டரிடம் பேசி முடித்துவிடுகிறார். ஆர்மி பச்சை, பானட்டில் வெள்ளை நட்சத்திரம், பக்கவாட்டில் ஏதோ ஒரு அமெரிக்க நம்பர். வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகியிருக்காது.

இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி. எஃப்.சி.க்குப் போன இடத்தில் மாட்டினால், காசு கொடுத்து அடித்ததை மறுபடி காசு கொடுத்துச் சுரண்ட வேண்டியதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது கோளாறு. சேர்வராயன் மலையில் கிடைக்கிற ஜீப்புகளில் அநேகமாக எதுவும் போர்க்களம் பார்த்ததில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் ஏற்காட்டில் காப்பி பயிரிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காப்பித் தோட்டங்களில் மூட்டை சுமந்தது, சில்வர் ஓக் கட்டை இழுத்தது, சனிக்கிழமை சம்பளப் பணம் கொண்டுபோனது, பிரசவ வலி எடுத்தவளை ராத்திரியில் மலை இறக்கியது, இதுதான் இந்த வண்டிகளின் சரித்திரம். அதை மறைத்துவிட்டு இரண்டாம் உலகப்போரில் நார்மண்டிக் கரையில் இறங்கிய வண்டி மாதிரி வேஷம் கட்டுவது என்ன பாரம்பரியமோ!

மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப்புகளை 1947-லிருந்து இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு நம் ஊரில் அதிகம் ஓடியது சிஜே-3பி, அதாவது நாம் 'ஹை பானட்' என்று சொல்லும் வண்டி. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்த இந்த மாடலின் பானட் தூக்கலாக இருப்பதற்குக் காரணம் அழகு இல்லை. உள்ளே இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வு (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வழி) சிலிண்டருக்கு மேலே போய்விட்டது. எஞ்சின் உயரமானதால் பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திய பிறகும் மகிந்திரா அதே உடம்பைப் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. ஆக, ஹை பானட் என்பது அமெரிக்காவை விட நமக்குத்தான் நெருக்கமான முகம்.

அந்த முகத்தைத்தான் வெட்டுகிறார்கள். இரண்டாம் உலகப்போர் ராணுவ ஜீப்பான வில்லிஸ் எம்பி-யின் கிரில்லில் ஒன்பது துளை. சிவில் ஜீப்பான சிஜே-யில் ஏழு. "ஒம்போது துளை கிரில் ரெடிமேடா கிடைக்குதுங்க சார், வெல்டு வச்சு விட்டுரலாம்" என்று டிங்கர் சொல்வார். பானட்டையும் தாழ்த்தி, பின்கதவையும் வெல்டு வைத்து மூடிவிட்டால் படத்துக்கு வாடகை விடலாம் என்பார். செய்து முடித்தபின் அது எம்பி-யும் ஆகாது, சிஜே-யும் ஆகாது. ஜீப் தெரிந்தவன் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். விற்கும்போது விலையிலும் அது தெரியும்.

சரி, அசல் நிறம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? டேஷ்போர்டுக்கு உள்பக்கம், சீட்டுக்கு அடியில், பானட் கீலுக்குப் பின்னால் என்று பெயின்டர் கை போகாத இடங்கள் எப்போதும் இருக்கும். அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். மேலே ஒரு சிவப்பு, அதற்குள் வெள்ளை, அதற்குள் ஒரு சாம்பல், கடைசியில் பிரைமர் என்று வளையம் வளையமாக வெளியே வரும். பக்கவாட்டில் தேய்க்கும்போது மங்கிய மஞ்சளில் எஸ்டேட் பெயர் எழுத்து ஒன்றிரண்டு கிடைத்தால் சுரண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் போட்டோ எடுங்கள். அப்படி ஒரு எழுத்து வண்டிக்குக் கிடைத்த பட்டயம். எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, நான்கும் வண்டியோடு பொருந்த வேண்டும். செத்துப்போன ஒரு வண்டியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, புது பாடியில் எல்லாம் புதிதாகப் பூட்டிய ஜீப்புகள் சந்தையில் நிறைய உலாவுகின்றன. பார்க்கப் பளபளவென்று இருக்கும். பெயர் மாற்றப் போகும்போதுதான் விவகாரம் தெரியும்.

சேஸ் நம்பர் விஷயத்தில் இன்னொரு விபரீதம் நடக்கிறது. துரு எடுக்க கிரைண்டர் பிடிக்கிற பையனுக்கு நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே இழுப்பில் பாதி நம்பர் போய்விடும். வேலை தொடங்கும் முன்பே அந்த இடத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, மேலே தாள் வைத்து பென்சிலால் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரீஸ் பூசி, டேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதிவிடுங்கள். அழிந்த நம்பரை நீங்களாக மறுபடி குத்தினால் அது குற்றம். ஆர்.டி.ஓ. வழியாகத்தான் போக வேண்டும்.

2021-இல் வந்த விண்டேஜ் விதியைப் பலர் பாதிதான் படித்திருக்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். வாராவாரம் ஏற்காடு நாகலூர் தோட்டத்துக்குப் போய்வர நினைப்பவர் இதில் ஆசைப்படாமல் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

எஞ்சின்

பெட்ரோல் கட்டுப்படியாகாத காலத்தில் டீசல் எஞ்சின் இறக்கிய ஜீப்புகள் மலையில் ஏராளம். அதைக் கண்டதும் 'அசல் போச்சே' என்று பதறி எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஆர்.சி.யில் டீசல் என்று முறையாக ஏறியிருந்தால், முப்பது நாற்பது வருஷம் அந்த எஞ்சினோடு வாழ்ந்த வண்டிக்கு அதுவும் வரலாறுதான். (விண்டேஜ் நம்பர்தான் வேண்டும் என்றால் கணக்கு வேறு.) எண்பதுகளில் வந்த மகிந்திரா எம்எம் 540 ஜீப்பில் கம்பெனியே 2112 சிசி பெஜோ டீசலைத்தான் வைத்தது. அதை எடுத்துவிட்டுப் பெட்ரோல் போடுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. விபத்தில் சிக்கிய புது எஸ்.யு.வி.யின் டர்போ டீசலை எடுத்து ஹை பானட்டில் திணிப்பது. கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதை விட்டாலும், ஹை பானட்டின் மூன்று கியர் டி-90 கியர் பாக்ஸ் அந்த இழுவையைத் தாங்காது. கியர் பாக்ஸை மாற்றினால் பிராபெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், பிறகு ஆக்சில், பிறகு பிரேக். முடிவில் ஜீப்பில் மிஞ்சுவது பானட் மட்டும்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது கவனிக்க வேண்டியது எத்தனால். பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20. பழைய ரப்பர் ஹோஸ், மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறிக் கெடும். டேங்க்கில் பல வருஷம் ஒட்டிக்கிடந்த கசடையும் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஹை பானட்டில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதனால் கசிவை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடுகிற சமாச்சாரம் இல்லை. எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் முதல் செலவில் சேரட்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் டேங்க்கில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள்.

கார்புரேட்டரை எங்கே டியூன் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கோரிமேட்டில் கச்சிதமாக டியூன் செய்த வண்டி மேலே போனதும் பெட்ரோலை அதிகம் குடித்துக் கரும்புகை விடும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுவதற்கு முன் வண்டி எங்கே வாழப்போகிறதோ அங்கே வைத்து டியூன் செய்துபாருங்கள்.

தகரம்

சேஸுக்கு மணல் அடித்துத் துரு எடுக்கலாம். அதே காற்றழுத்தத்தில் பானட்டையும் மட்கார்டையும் அடித்தால் தகரம் நெளிந்துவிடும். பிறகு நெளிவை மறைக்கக் கிலோ கணக்கில் பட்டி. மெல்லிய தகரத்துக்குப் பெயின்ட் ரிமூவரும் பொறுமையும் போதும். துரு எடுத்த இரும்பை அன்றைக்கே பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும். ஏற்காட்டில் ஒரு ராத்திரி பனிமூட்டத்தில் விட்டால் காலையில் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பெயின்ட் வேலையைக் கீழே சேலத்தில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மலையில் நிற்க வைப்பது

ஏற்றுவதற்குச் செலவழிப்பதில் பாதியாவது இறக்குவதற்குச் செலவழிக்க வேண்டும். பழைய ஹை பானட்டில் ஒன்பது அங்குல டிரம், பூஸ்டர் கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் சர்க்யூட். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் பெடல் தரையைத் தொடும். இருபது கொண்டை ஊசி வளைவில் அது நடக்க வேண்டாம். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடுவதைப் பாரம்பரியத் துரோகம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரைப்பலகைக்கு அடியில் இருக்கிற ஒன்றை யார் பார்க்கப் போகிறார்கள்? பழைய சிலிண்டரைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வையுங்கள், என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம்.

ஹேண்ட் பிரேக் கதை தனி. அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற சின்ன டிரம். அது நிற்கவில்லை என்று லைனரை மாற்றுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி வழுக்கும், மறுபடி மாற்றுவார்கள். டிரம்மைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பாக, கெட்டியாக, கந்தக வாடையோடு வந்தால் அது கியர் ஆயில். பின்பக்க ஆயில் சீல் தேய்ந்து லைனரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறது. சீலை மாற்றாமல் எத்தனை லைனர் போட்டாலும் வண்டி சரிவில் உருளத்தான் செய்யும்.

கியர் ஆயில் என்றதும் ஒன்று: 'உசத்தியானது' என்று ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை பழைய பெட்டியின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 90 நம்பர் ஆயிலே போதும்.

தயாரான வண்டியை 'மலை ரோடுதானே' என்று ஃபோர் வீலில் போட்டு ஏற்காடு ஏற்றுவது அடுத்த பெரிய தவறு. இந்த ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. கொண்டை ஊசியில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக. சேறாக இருந்தால் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுக்க ஷாஃப்ட்டிலும் கிராஸ் ஜாயின்ட்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் வெளியே வர மறுக்கும். தாரில் பின் சக்கர இழுவை மட்டும் போதும். ஃபோர் வீலெல்லாம் தோட்டத்துக்குள் நுழைந்தபிறகுதான்.

அகல டயர் மோகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 6.00-16 ஒல்லி டயருக்காகச் செய்த ஸ்டியரிங் அது. அகல டயர் போட்டால் முழுசாக ஒடிக்கும்போது ஸ்பிரிங் பட்டையில் உரசும், கிங்பின் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் பவர் ஸ்டியரிங்கை விசாரிக்காமல் முதலில் கிங்பின், டை ராட் எண்ட், நடுவில் இருக்கும் பெல் கிராங்க் புஷ் மூன்றையும் பாருங்கள். வேகத்திலும் பேராசை வேண்டாம். 5.38 ஆக்சில் விகிதத்தில் (ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று) பெங்களூர் ஹைவேயில் நூறு தொட நினைத்தால் எஞ்சின்தான் கதறும்.

முதல் ஓட்டத்துக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கிளம்பாமல், வார நாள் காலையில் தனியாக ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரம் இரண்டும் ஒரே சூடாகவும், பின் சக்கரம் இரண்டும் ஒரே சூடாகவும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் ஷூ ஒட்டிப் பிடிக்கிறது. ஒன்று மட்டும் ஆறிப்போய் இருந்தால் அந்த வீல் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. எதுவாக இருந்தாலும் அதைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.