பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பேச்சுக் குழு நடத்துவது எப்படி

பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்துபோகும் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசப் போகிறீர்களா? 8 பேர் போதும். மகளிர் குழுக் கூட்டத்தோடு இதைச் சேர்க்காதீர்கள், அங்கே தவணைப் பேச்சு வந்துவிடும், தவணை பாக்கி வைத்தவள் வாயே திறக்கமாட்டாள். குழந்தையோடு வரட்டும், பால் கொடுத்துக்கொண்டே பேசலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். துணைக்கு வரும் மாமியாருக்கு டீ கொடுத்து வேறு அறையில் உட்காரவையுங்கள். அவர் காதுபட மருமகள் என்னதான் பேசுவாள்?

இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் இன்னொருவரிடம் சொல்வேன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பெரிய வேலையே அறிவுரையைத் தடுப்பதுதான். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "குழந்தையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை" என்பாள். உடனே மூன்று பேர் பாய்வார்கள்: "நாங்கெல்லாம் பெத்து வளர்க்கலையா?", "உனக்கென்ன குறை?", "குலதெய்வத்துக்கு வேண்டிக்கோ." அத்தோடு அவள் கதை முடிந்தது, அடுத்த வாரம் வரமாட்டாள். "கொஞ்சம் இருங்கக்கா, அவங்க முடிக்கட்டும்" என்று நிறுத்துங்கள், அவள் அழுதாலும் அவசரப்பட்டுச் சமாதானம் செய்யாமல் காத்திருங்கள், அப்புறம் அறிவுரை சொன்னவரிடமே திரும்பி, "உங்களுக்குக் குழந்தை பிறந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கும்.

ஓயாமல் பேசுகிறவரை எதிரில் உட்காரவைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காவிட்டால் பேச்சு தானாகக் குறையும்.

பிரசவமான முதல் சில நாட்களில் அழுகை வருவது சகஜம். 2 வாரம் தாண்டியும் அது விடவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள், வைத்தியத்துக்குப் பதிலாக இந்தக் குழு ஆகாது. சாகலாம் போலிருக்கிறது என்ற சாயல் பேச்சில் தெரிந்தால் தனியே அழைத்து நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாருமே இல்லாதபோது குரல் கேட்கிறது என்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, தாயையும் குழந்தையையும் தனியே விடவேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவா? நாள், நேரம் சொல்ல மட்டும். பல வீடுகளில் போன் கணவன் கையில்தான் இருக்கிறது.