சங்க நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடுவது எப்படி: ஒரு செயலாளரின் அனுபவம்

பொதுக்குழுக் கூட்டத்தில் ஆள் கேட்காதீர்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்த நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்.

சென்னை பள்ளிக்கரணையில் எங்கள் வளாகம். 96 வீடுகள். நான் பொறுப்பேற்ற பிறகு நடந்த முதல் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு, கார் நிறுத்தும் தளத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். வந்தவர்கள் 31 பேர். லிப்ட், தண்ணீர் லாரி, காவலாளி சம்பளம் என்று ஒன்றரை மணி நேரம் காரசாரமாகப் பேசினார்கள். "அடுத்த குழுவுக்கு யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதும் தளம் அமைதியாகிவிட்டது. பழைய ஆட்களே தொடர்ந்தோம். நாலு பேர் முன்னால் கை தூக்கினால் பதவிக்கு ஆசைப்படுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் நம் மக்களுக்கு உண்டு. அந்தக் கூச்சம் நியாயமானது. ஆகவே வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் உங்கள் சங்கத்தின் துணை விதிகளை எடுத்து முழுதாகப் படியுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மற்றவை துணை விதிகளில் இருக்கும். எங்கள் விதிகளின்படி உரிமையாளர்கள் மட்டுமே நிற்கலாம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர் நிற்க முடியாது. உரிமையாளர் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். எங்கள் வளாகத்தில் பல வீடுகள் மனைவியின் பெயரில் இருந்தன. நாங்களோ அந்த வீடுகளுக்குப் போய், "சார் இருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதை நிறுத்திய ஆண்டிலிருந்துதான் எங்கள் குழுவுக்குப் பெண்கள் வந்தார்கள்.

அடுத்து, ஒரு தாளில் வேலைகளைப் பிரித்து எழுதுங்கள். "நிர்வாகக் குழுவுக்கு வாருங்கள்" என்றால் எவருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். தண்ணீர், லிப்டும் ஜெனரேட்டரும், கணக்கு, காவலும் துப்புரவும், கழிவுநீர் சுத்திகரிப்பு, பதிவாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்கள் என்று நாங்கள் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆகும் நேரத்தை உள்ளபடியே எழுதினோம். கணக்குக்கு மாதம் இரண்டு மாலை. தண்ணீருக்குக் கோடையில் தினமும் அரை மணி, மழைக்காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. லிப்டுக்கு மாதம் ஒரு முறை, பழுது பார்க்க வருபவருடன் ஒரு மணி நேரம்.

யாரிடம் போவது? படிப்பையும் உத்தியோகத்தையும் பார்க்காதீர்கள். கேட்காமலே எதையாவது செய்துகொண்டிருப்பவரைக் கவனியுங்கள். 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது, இரண்டாவது மாடியில் இருந்த ஒரு அம்மா தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கீழே இறங்கி வருவார். கையில் ஒரு நீளமான மூங்கில் குச்சி. அதைத் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். வந்த லாரி எத்தனை, எத்தனை மணிக்கு, அளவு சரியாக இருந்ததா என்று தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி, கிளிப் போட்டு வைத்திருந்தார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் வீட்டுக்குப் போய், "அக்கா, நீங்கள் ஏற்கெனவே பார்க்கிற வேலைதான். குழு உறுப்பினராக வந்தால் லாரிக்காரரிடம் சங்கத்தின் சார்பாகவே பேசலாம்" என்றேன். காப்பி ஆறுவதற்குள் சரி என்றுவிட்டார்.

கணக்கைக் கிளறிக் கிளறிக் கேள்வி கேட்பவரையும் விட்டுவிடாதீர்கள். பல சங்கங்கள் அவரைப் பகையாளியாக நினைக்கின்றன. எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது. முப்பது பக்க வரவு செலவில் டீசல் செலவைத் தேடிப் பிடித்தவருக்கு, சங்கத்தின் மீது அக்கறை இல்லாமலா இருக்கும்? எங்களிடம் டீசல் கணக்குக் கேட்டவர்தான் பிறகு இரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தார். பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வரி கட்ட வேண்டியிருக்குமோ என்று அவருக்குக் கவலை இருந்தது. வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் கட்டணமும், சங்கத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவும் இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும், நம் கட்டணம் அதில் பாதிகூட இல்லை என்று தணிக்கையாளரை வைத்தே விளக்கினோம். கவலை தீர்ந்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் பதவிக்கு வர முடியாவிட்டாலும், வேலைக்கு வரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் கார் தளம் மூழ்கியபோது, முதியவர்களுக்குப் பாலும் மருந்தும் ஏற்பாடு செய்தவர்கள் வாடகை வீட்டுப் பிள்ளைகள்தான்.

பொய் சொல்லி மட்டும் யாரையும் அழைக்காதீர்கள். "சும்மா பெயருக்கு இருங்கள், வேலை ஒன்றும் இருக்காது" என்று ஒருவரை ஒரு முறை சேர்த்தேன். மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்தது. இரவு பகலாக அலைந்தார். நான்காம் மாதம் விலகல் கடிதம் கொடுத்தார். காசோலையில் கையெழுத்துப் போடுபவர் ஒருநாளும் பெயருக்கு இருப்பவர் ஆக மாட்டார்.

இத்தனையும் செய்து பார்த்தும் ஆள் வரவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் வேலைப் பளு அல்ல, ஏச்சுப் பேச்சு. எங்கள் முன்னாள் பொருளாளர் ஒருவரை இரவு பதினோரு மணிக்கு, வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில், "பெயிண்ட் வேலையில் எவ்வளவு கமிஷன்?" என்று ஒருவர் கேட்டார். அந்த மனிதர் விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதையும் படமெடுத்துப் பதிவிட்டார். காலையில் ஒருவர்கூட ஒரு ஆறுதல் வார்த்தை எழுதியிருக்கவில்லை. அவர் விலகியதில் எனக்கு வியப்பில்லை. நானும் அன்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு பொதுக்குழுவில் சில தீர்மானங்களை நிறைவேற்றினோம். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் முந்தைய மாத ரசீதுகள் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட வேண்டும். புகார்கள் காவலாளி அறையில் இருக்கும் புகார்ப் புத்தகத்தில்தான். இரவு ஒன்பதுக்கு மேல் லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், தீ என்றால், தண்ணீர் அடியோடு நின்றால் மட்டும் உறுப்பினர்களை அழைக்கலாம். தனி ஒருவர் மீது பணக் குற்றச்சாட்டு இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். குழு முழுவதும் சேர்ந்து பதில் தரும். அந்தத் தாளையும் வேலைப் பட்டியலோடு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏழு இடங்களுக்கு ஒன்பது பெயர்கள் வந்தது அந்த ஆண்டில்தான்.

தேர்ந்தெடுத்ததோடு கைகழுவிவிடாதீர்கள். பழைய குழுவில் பாதிப் பேராவது இன்னும் ஓராண்டு உடனிருக்கட்டும். வங்கியில் கையெழுத்து மாற்றவும், பதிவாளர் அலுவலகத்தில் புதிய உறுப்பினர் பட்டியலைக் கொடுக்கவும் புதியவருடன் நீங்களும் போங்கள். நான் பொறுப்பை ஒப்படைத்தபோது சாவிக் கொத்தில் மோட்டார் அறைக்குச் சிவப்பு நூல், மொட்டை மாடிக்குப் பச்சை நூல், மின் மீட்டர் அறைக்கு வெள்ளை நூல் கட்டிக் கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், லாரிக்காரர் எண்கள். அவற்றுக்குக் கீழே என் எண்.