"எவடம்?" என்று கேட்காமல் ஒருவரின் கதையைக் கேட்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் புது ஆளைக் கண்டால் வாயில் முதலில் வருவது "எவடம்?" ஊர் தெரிந்ததும் "அதில எந்தப் பக்கம், கோயிலடியோ?" பிறகு "ஆற்றை பிள்ளை?", அதாவது யாருடைய பிள்ளை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்த ஆளின் சாதி, வீட்டு வசதி, வெளிநாட்டில் யார் யார் என்பதெல்லாம் எங்கள் மண்டைக்குள் எழுதியாகிவிடும். கலியாண வீட்டில் இது ஊர் வழக்கம், யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உளவளத்துணை (மனநல ஆலோசனை) அறையில் இதே கேள்வி என்ன செய்யும் என்பதை நான் பட்டுத்தான் படித்தேன்.

உளவளத்துணையாளராக வேலை தொடங்கிய புதிதில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். நித்திரை இல்லை, தலைக்குள் விறைக்கிறது என்றார். நான் ரொம்ப அன்பாகத்தான் "எவடம் அம்மா?" என்று கேட்டேன். ஊரின் பெயரைச் சொல்லாமல் பக்கத்துச் சந்தியின் பெயரைச் சொன்னார். அதிலேயே நான் நின்றிருக்க வேண்டும். "சந்தியில இருந்து எந்தப் பக்கம்?" என்றேன். கையில் இருந்த துண்டை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாகவும் மடித்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "ஓம்", "இல்லை" மட்டும்தான். அடுத்த தவணைக்கு வரவில்லை. பதிவேட்டில் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதினேன், வெட்கமில்லாமல். அவர் காதில் விழுந்தது நான் கேட்ட கேள்வி அல்ல, "நீங்கள் எந்தக் கிணற்றில தண்ணி அள்ளுற ஆக்கள்?" என்பது.

சாதியின் பெயரால் ஆக்களை ஒதுக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1968இலும் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி ஆக்கள் நிற்கவேண்டி இருந்தது. அப்படி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும், வாசலை மறித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு எங்கள் முன்னால் உள்ள அதே கதிரையில் வந்து இருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்களும் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைகள்தான். அதனால் டிப்ளோமா முடித்துப் பிரதேச செயலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ தொண்டு நிறுவனத்திலோ இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

முதலில், "நான் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் பாக்கிறனான்" என்ற வசனத்தைக் கைவிடுங்கள். அதைச் சொல்கிற ஆள்தான் தன்னைக் கவனிக்காத ஆள். 1992இல் டெரால்ட் விங் சூவும் கூட வேலை செய்தவர்களும் பல்வேறு பண்பாட்டு மக்களோடு வேலை செய்யும் துணையாளருக்கு என்னென்ன தகைமை வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். அதில் முதலாவதாக நின்றது வருகிறவரைப் பற்றிய அறிவு இல்லை, துணையாளர் தன் ஊகங்களையும் சாய்வுகளையும் தானே அறிவது. நாங்கள் பயிற்சிப் பட்டறையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: மற்றச் சமூகங்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறோம், எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. ஆள் உள்ளே வருவதற்கு முன், கோப்பைப் பார்த்தவுடன் மனதில் ஓடுவதை ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். அழகாக எழுதவேண்டாம், உள்ளதை எழுதுங்கள். மூன்றாவது சந்திப்பு முடிந்தபிறகு திறந்து பாருங்கள். ஒரு பொடியனைப் பற்றி நான் எழுதியது இது: "தகப்பன் கனடா. விலை கூடின பைக். ஏ.எல். சோதினை குழப்பினது. காசு கூடிப்போச்சு." மூன்றாவது தரம் வந்தபோதுதான் தெரிந்தது, ஒன்பது வயதில் இருந்து அம்மம்மாவோடு இருக்கிறான், தகப்பனின் முகம் போனில் வருகிற சதுரத்துக்குள் மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அவர் முதலில் விசாரிப்பது பைக்கை. இதற்கு நான் "செல்லம்" என்று பெயர் வைக்க இருந்தேன். அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பெயர் எழுதாதீர்கள், கிழித்து எரித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, நீ, நீர், நீங்கள். எங்கள் பேச்சில் இந்த மூன்று படியும் இருப்பதால் சாய்வு ஒளிக்க இடமில்லை. வங்கியில் வேலை செய்கிற தம்பிக்கு "நீங்கள்", சுத்திகரிப்பு வேலை செய்கிற அதே வயதுத் தம்பிக்கு "நீர்", வீட்டு வேலைக்குப் போகிற, எங்களைவிட வயது கூடிய பெண்ணுக்கு "நீ, பிள்ளை" என்று வாய் தன்பாட்டில் போகும். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் "நீங்கள்" என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள், அவராகக் குறைக்கச் சொன்னால் குறைக்கலாம். அக்கா, அண்ணா, ஐயா என்று கூப்பிடுவது நல்லதுதான், ஆனால் சிலருக்கு அது பயம். வீட்டில் அண்ணன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பிள்ளைக்கு நாங்களும் ஒரு "அண்ணா"வாக நிற்கத் தேவையில்லை. "உங்களை எப்பிடிக் கூப்பிட?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் விசயம் முடிந்தது.

இனி, இரக்கம். வெறுப்பை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம், இரக்கம் போட்டுக்கொண்டு வருகிற சாய்வைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறார் என்றால் "பாவம், ஏற்றுக்கொள்ள முடியாமல் இருக்கிறா" என்று நினைக்கிறோம். "இனிப் பிள்ளையளைப் பாருங்கோ அக்கா" என்கிறோம். இப்படிப்பட்ட இழப்புக்குப் பவுலின் பொஸ் என்ற ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். உடல் இல்லை, உறுதி இல்லை, முடிவும் இல்லை, அப்படி இருக்கையில் முடித்துவைக்கச் சொல்வது துணையாளரின் அவசரம், அவருடையது இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் போராட்டம் இருக்கத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு விடயம் விளங்காமல் இல்லை. பதில் வேண்டும் என்கிறார்கள். அது நோய்க்குறி இல்லை. முன்னாள் போராளிகளிலும் இதேதான், ஒருவர் மாவீரனாகப் பார்ப்பார், இன்னொருவர் பயத்தோடு பார்ப்பார், முதுகுவலிக்கு நித்திரை கெட்டு வந்த மனிசனை ஒருவரும் பார்க்கமாட்டார்.

ஐந்துசந்திப் பக்கம் இருந்து வந்த ஒரு முஸ்லிம் ஐயாவோடு நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்ன நாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். போரில் நாங்கள் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்ததும் 1995இல் அதே ஒக்டோபர் 30தான். "எங்களுக்கும் அப்பிடித்தான் ஐயா" என்று வாய் முந்திவிட்டது. ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு மகளின் கலியாணத்துக்குப் பேச்சை மாற்றினார். அவரை வெளிக்கிடச் சொன்னது புலிகள், எங்கள் தரப்பு ஆக்கள், அந்தக் குற்ற உணர்வை ஆற்றிக்கொள்ளத்தான் நான் சமன் செய்தேன் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. உங்கள் கதையை எடுக்கிற நேரம் வந்தால் இரண்டு மூச்சு பொறுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

சமயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: "நல்லூரானைக் கும்பிடுங்கோ" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், புதுக் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேளுங்கள். ஆணை விரும்புகிற ஆண் ஒருவர் வந்தால் "கலியாணம் கட்டினால் சரி வரும்" என்ற பேச்சு வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இருக்கும் நாட்டில் அவர் வாய்திறந்து சொன்னதே பெரிய விசயம், பதிவேட்டில் என்ன எழுதுவது என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் பிழை வரும். வந்தால் அடுத்த சந்திப்பிலேயே, அவர் எடுக்கமுன் நீங்கள் எடுங்கள்: "போனமுறை நான் கேட்ட கேள்வி உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அது தேவையில்லாத கேள்வி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." இதோடு நிறுத்துங்கள். உங்கள் மனம் எவ்வளவு நொந்தது என்று விளக்கப்போனால், அவர் உங்களைத் தேற்ற வேண்டி வந்துவிடும்.

உங்களால் ஒருவரோடு நேர்மையாக வேலை செய்ய முடியவில்லை என்றால் இன்னொரு துணையாளரிடம் மாற்றிவிடலாம். ஆனால் யாழ்ப்பாணம் சின்ன இடம், மாற்றிவிடும் ஆள் அவரின் மச்சானின் நண்பராக இருக்கலாம், ஆகவே பெயரைச் சொல்லி "இவரைத் தெரியுமோ?" என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டை எடுத்து, ஒரே ஒரு தரம் வந்து பிறகு வராதவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். யாருக்கு முழு 45 நிமிடம் கொடுத்தீர்கள், யாரை 20 நிமிடத்தில் அனுப்பினீர்கள் என்பதையும் பாருங்கள். ஒரே மாதிரி ஆக்களின் பக்கத்தில் புள்ளிகள் கூடினால், உங்களோடு ஊரால், சாதியால், சமயத்தால் ஒத்துப்போகாத ஒரு சக துணையாளரிடம் பெயர்களை மறைத்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நான் முதல்முறை காட்டியபோது அவர் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "ஆற்றை ஒத்துழைப்பு?" என்று கேட்டார்.