தோட்டத்துக் குட்டைச் சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூடை சீமெந்து? நீங்களே கணக்குப் போடலாம்

மலையகத்தில் மரக்கறிப் பாத்தி போட்டாலே சரிவுக்கு ஒரு அணை வேண்டியிருக்கும். 10 அடி நீளம், நிலத்துக்கு மேல் 2 அடி உயரம், முழுக்கல் தடிப்பு (ஒரு கல்லின் நீளமே சுவரின் தடிப்பு) என்று ஒரு சுவரை எடுத்துக் கணக்குப் போடுவோம். 2 அடிக்கு மேல் மண்ணைத் தாங்க வேண்டுமென்றால், அல்லது மேலே வீடோ பாதையோ இருந்தால், இந்தக் கணக்கை நம்பி இறங்க வேண்டாம். அது பொறியியலாளர் பார்க்க வேண்டிய வேலை. மண்சரிவு அபாயமுள்ள இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையும் வேண்டும்.

முதலில் கல்லை அளங்கள்

ஆரம்பத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். "சதுர அடிக்கு இத்தனை கல்" என்று யாரோ சொன்ன எண்ணை வைத்து ஓர்டர் கொடுப்பார்கள். சூளைக்குச் சூளை கல்லின் அளவு மாறும். கடையில் 10 கல்லை நீளவாக்கில் வரிசையாக அடுக்கி அளந்து பத்தால் வகுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் அப்படியே செய்யுங்கள்.

8½ × 4 × 2½ அங்குலம் வருகிறது என்று வைப்போம். கலவைக்கு அரை அங்குலம் சேர்த்தால் முகப்பு 9 × 3, அதாவது 27 சதுர அங்குலம். 144ஐ 27ஆல் வகுத்தால் 5.33. முழுக்கல் சுவர் என்பதால் இரட்டிப்பு: சதுர அடிக்கு 10.67 கல்.

அதே சுவருக்கு 7½ × 3½ × 2 அங்குலக் கல் வந்து இறங்கினால் சதுர அடிக்கு 14.4 கல் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்! கலவையும் கூடும்.

நிலத்துக்குள் இரண்டு வரி, அதாவது அரை அடி போகும். ஆகவே 10 × 2½ = 25 சதுர அடி, 267 கல். லொறியிலும், பாதையிலிருந்து படி வழியாகச் சுமக்கும்போதும் உடையும். பத்து வீதம் சேர்த்து 300 வாங்குங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் அது சரியாக வேகாத கல், மழையில் கரையும்.

கலவை

சுவரின் மொத்தக் கன அளவு 10 × 2½ அடி × 8½ அங்குலம் = 17.7 கன அடி. கல் மட்டும் 13.1. மீதி 4.6 கன அடிதான் கலவை. சிந்துவதற்கும் கல்லின் பள்ளங்களுக்கும் கால்வாசி கூட்டினால் 5¾. ஈரக் கலவை உலர் பொருளைவிடச் சுருங்கும் என்பதால் 1.3ஆல் பெருக்க 7½. ஒன்றுக்கு ஐந்து கலவையில் சீமெந்து 1¼ கன அடி, மணல் 6¼. 50 கிலோ மூடை ஒன்று ஏறக்குறைய 1¼ கன அடி. ஆக ஒரு மூடை.

அத்திவாரம்

ஒரு அடி ஆழம் வெட்டி, 11 அடி நீளம், 18 அங்குல அகலம், 6 அங்குலத் தடிப்புக்கு கொங்கிரீட் போடுங்கள். 8¼ கன அடி. இதுவும் கலக்கும்போது சுருங்கும் என்பதால் 1.54ஆல் பெருக்கினால் 12.7. 1:3:6 விகிதத்தில் சீமெந்து ஒரு மூடை, மணல் 3¾, முக்கால் அங்குல மெட்டல் (உடைத்த கருங்கல்) 7¾ கன அடி.

முன்பக்கமும் மேற்பக்கமும் அரை அங்குலம் பூசினால் இன்னும் அரை மூடை சீமெந்து, 1½ கன அடி மணல்.

மணலில் உள்ள ஈரம்

மேலே வந்த மணலைக் கூட்டினால் 11½ கன அடி. அதை அப்படியே வாங்கினால் போதாது. நமது பக்கத்து மணல் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும், ஈர மணல் உப்பிக் காட்டும். நேரான கண்ணாடிப் போத்தலில் 8 அங்குலத்துக்கு மணலைத் தளர்வாகப் போட்டு வெளியே கொட்டுங்கள். போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிண்டுங்கள். 6½ அங்குலத்தில் நின்றால் கால்வாசி உப்பியிருந்தது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் ஐந்து பெட்டி ஈர மணல் அளந்தால் உண்மையில் நான்கு பெட்டிதான் விழும். சீமெந்து பாதி வேலையிலேயே தீர்ந்துபோவது இதனால்தான். ஆகவே 15 கன அடி வாங்குங்கள். ஒரு கியூப் 100 கன அடி என்பதால் கால் கியூப் எடுத்தால் தாராளம்.

தண்ணீர் வெளியேற வழி

சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீர்தான் இப்படிப்பட்ட சுவர்களைத் தள்ளிச் சாய்க்கிறது. நிலமட்டத்துக்குச் சற்று மேலே, 3 அடிக்கு ஒன்றாக மூன்று ஒரு அங்குலக் குழாய்கள் வையுங்கள். பின்பக்கம் அரை அடி அகலத்துக்கும் ஒன்றரை அடி உயரத்துக்கும் மெட்டல் நிரப்ப 7½ கன அடி. மெட்டல் மொத்தம் 15¼, சிந்துவதையும் சேர்த்து 16 கன அடி எடுங்கள். கட்டி ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்த பிறகே மண்ணை நிரப்ப வேண்டும்.

எப்போது வாங்குவது

ஹட்டன், தலவாக்கலை பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழலாம். புதிதாகக் கட்டிய சுவரை மாலையில் சாக்கால் மூடுங்கள்.

கல், மணல், மெட்டல் எல்லாம் வந்து, அத்திவாரக் குழியும் வெட்டி முடித்த பிறகு சீமெந்தை வாங்குங்கள். கணக்குக்கு இரண்டரை மூடை, கடையில் மூன்று. பனிமூட்டத்தில் அது சீக்கிரம் ஈரம் இழுக்கும். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் அந்த மூடையைச் சுவருக்குப் பாவிக்க வேண்டாம்.