புரத வரிசை ஆய்வு: எங்கெல்லாம் கால் வழுக்கும்?

புரத வரிசையை, அதாவது ஒரு புரதத்தின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாக எழுதிய தொடரை, கணினியில் ஆராயத் தொடங்கும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கருவியின் பெட்டியில் ஒட்டுவதற்கு முன் வரிசையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள் என்பதைத்தான். டிஎன்ஏவை எழுதும் நான்கு எழுத்துகளுமே அமினோ அமிலங்களுக்கும் உரியவை: ஏ என்றால் அலனின், சி என்றால் சிஸ்டீன், ஜி என்றால் கிளைசின், டி என்றால் திரியோனின். புரத வரிசை கேட்கும் ப்ராட்பாரம் போன்ற கருவியில் கை தவறி டிஎன்ஏ வரிசையை ஒட்டிவிட்டாலும் மூலக்கூறு எடை, சமமின்புள்ளி (புரதத்தின் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச் அளவு) எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுத் தந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அமினோ அமில விகிதப் பட்டியலில் இருபதில் பதினாறுக்கு நேரே பூஜ்யம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்ப்பவர்கள் குறைவு.

புரத வரிசைதான் என்றாலும், எந்த நிலையில் உள்ள புரதம் என்ற கேள்வி உண்டு. மனித இன்சுலினை யூனிப்ராட் என்ற புரத டேட்டாபேஸில் எடுத்தால் 110 அமினோ அமிலங்கள் கிடைக்கும். அதில் முதல் 24, புரதம் செல்லில் போக வேண்டிய வழியைக் காட்டும் சிக்னல் பெப்டைடு, செல்லுக்குள்ளேயே வெட்டப்பட்டுவிடும். நடுவில் உள்ள சி-பெப்டைடும் பிறகு நீங்கும். ரத்தத்தில் வேலை செய்யும் இன்சுலினில் இருப்பது 30 கொண்ட பி சங்கிலியும் 21 கொண்ட ஏ சங்கிலியும் மட்டுமே. முழு வரிசையின் எடை சுமார் 11,980 டால்டன். முதிர்ந்த இன்சுலினின் எடை சுமார் 5,808. முழு வரிசையை அப்படியே கருவியில் போட்டு எடையைக் குறித்துக்கொண்டவர், மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பாதி எடையைக் காட்டும்போது மாதிரி சிதைந்துவிட்டதோ என்று குழம்புவார்.

இடங்களை எண்ணுவதிலும் இதே சிக்கல்தான். அரிவாள் செல் சோகையில் பீட்டா குளோபினின் 6ஆம் இடத்து குளுட்டமிக் அமிலம் வேலினாக மாறுகிறது என்று பழைய நூல்களில் படிக்கிறோம். இன்றைய மரபியல் அறிக்கையில் அதே மாற்றம் 7ஆம் இடம் என்று இருக்கும். வெட்டப்படும் தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதுதான் காரணம். இரண்டும் சரி, ஆனால் எந்த எண்ணிக்கை என்று சொல்லாமல் எழுதுவது தவறு.

அடுத்தது பிளாஸ்ட், நம் வரிசையை ஒத்த வரிசைகளை டேட்டாபேஸில் தேடித் தரும் கருவி. அதிகம் பேர் சறுக்குவது ஈ-மதிப்பில். இப்படியொரு பொருத்தம் தற்செயலாகவே எத்தனை முறை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் அந்த எண். ஆகவே தேடும் டேட்டாபேஸ் பெரிதாகப் பெரிதாக அதுவும் ஏறும். உங்கள் வரிசை 300 நீளம், கிடைத்த பொருத்தத்தின் பிட் ஸ்கோர் (பொருத்தம் எவ்வளவு வலுவானது என்ற மதிப்பெண், டேட்டாபேஸின் அளவைச் சாராதது) 40 என்று வைத்துக்கொள்வோம். 20 கோடி அமினோ அமிலங்கள் கொண்ட டேட்டாபேஸில் ஈ-மதிப்பு தோராயமாக 0.05 வரும். ஆயிரம் மடங்கு பெரிய டேட்டாபேஸில் அது 55 ஆகிவிடும். பொருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் வெவ்வேறு டேட்டாபேஸ்களில் கிடைத்த ஈ-மதிப்புகளை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். அதற்குப் பிட் ஸ்கோர் இருக்கிறது.

90 சதவீதம் ஒற்றுமை என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடுவதும் இந்த வகைதான். பக்கத்திலேயே இருக்கும் கவரேஜ் எண்ணை, அதாவது வரிசையில் எவ்வளவு பகுதி பொருந்தியது என்பதை, பாருங்கள். 500 நீள வரிசையில் வெறும் 40 அமினோ அமிலங்கள் மட்டும் பொருந்தியிருக்கலாம். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதிகள், உதாரணமாக குளுட்டமின் தொடர்கள், உறவே இல்லாத புரதங்களையும் மேலே கொண்டுவந்து நிறுத்தும்.

“60 சதவீதம் ஹோமாலஜி” என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அண்ணன் தம்பிக்கு முகச்சாயல் எவ்வளவு என்று சொல்லலாம், அண்ணன் தம்பி என்ற உறவுக்கு அளவு கிடையாது. ஹோமாலஜி என்பது அந்த உறவு, அதாவது ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பது. சதவீதம் சொல்ல வேண்டியது ஒற்றுமைக்கு. மயோகுளோபினும் பீட்டா குளோபினும் நான்கில் ஒரு பங்கு அளவே ஒத்திருக்கின்றன, ஆனாலும் மடிப்பு ஒன்றே, மூதாதையும் ஒன்றே. இத்தகைய தூரத்து உறவைப் பிடிக்க எச்எம்எம்இஆர் போன்ற கருவிகளின் புரொஃபைல் தேடல்தான் (ஒற்றை வரிசைக்குப் பதில் ஒரு புரதக் குடும்பத்தின் பொது அமைப்பை வைத்துத் தேடுவது) கைகொடுக்கும்.

உறவு உறுதியானால் வேலையும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. லைசோசைமும் பாலில் உள்ள ஆல்பா லாக்டால்புமினும் சுமார் 40 சதவீதம் ஒத்தவை, உருவமும் ஏறக்குறைய ஒன்றே. முதலாவது பாக்டீரியாவின் சுவரை அறுக்கிறது. இரண்டாவது லாக்டோஸ் உருவாகத் துணைபுரிகிறது. லைசோசைம் நொதியாக வேலை செய்யத் தேவையான 35ஆம் இடத்து குளுட்டமிக் அமிலம் லாக்டால்புமினில் இல்லை. அந்த ஓர் இடத்தை அலைன்மென்ட்டில் (இரு வரிசைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தி வைத்ததில்) விரல் வைத்துப் பார்த்திருந்தால் போதும், பெயர் மாறிப்போகாது. யூனிப்ராட்டிலும் ஸ்விஸ்-ப்ராட் பகுதி மனிதர்கள் சரிபார்த்தது. ட்ரெம்பிள் பகுதியில் பெயர்களைக் கணினியே சூட்டுகிறது. ட்ரெம்பிள் பெயரை நம்பி இன்னொரு புரதத்துக்கு அதே பெயர் வைத்தால், மூலத்தில் இருந்த பிழை இன்னும் ஒரு படி பரவும்.

வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு தரும் படங்களில் நிறத்தைக் கவனியுங்கள். கணிப்பு எவ்வளவு நம்பகமானது என்று சொல்லும் பிஎல்டிடிடி மதிப்பெண் 90க்கு மேல் என்றால் கருநீலம், 50க்குக் கீழ் என்றால் ஆரஞ்சு. ஆரஞ்சு நிறத்தில் அலையும் நூல் அந்தப் பகுதியின் வடிவம் அல்ல, அங்கே நிலையான வடிவம் இல்லாமலே இருக்கலாம். அதை வைத்து மருந்து பொருந்துமா என்று டாக்கிங் செய்வது வீண் உழைப்பு. ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கொடுத்து, வடிவம் மாறவில்லை, ஆகவே பாதிப்பில்லை என்று எழுதுவதும் கூடாது. அதைக் கணிக்க இந்தக் கருவியைப் பழக்கவில்லை.

ஆய்வேட்டில் டேட்டாபேஸின் பெயர், பதிப்பு, தேடிய தேதி, பயன்படுத்திய மேட்ரிக்ஸ், அதாவது ஓர் அமினோ அமிலத்துக்கு நேரே இன்னொன்று வந்தால் எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணை (பிளாஸ்ட்டில் நீங்களாக மாற்றாவிட்டால் பிளோசம்62) ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். புரதத்தை வெறும் இன்சுலின் என்று எழுதாமல், பி01308 (யூனிப்ராட்டில் அதன் அடையாள எண்), 25 முதல் 54 வரை, பி சங்கிலி என்று எழுதுங்கள்.